கோடைக்கால முதலாளிகள்: மாணவர்கள் நடத்தும் பெயிண்டிங் ஃபிரான்சைஸும் சட்டத்தின் மூன்று விடைகளும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி விலகத் தொடங்கியதும், புறநகர்த் தெருக்களில் கல்லூரி மாணவர்கள் சிலர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க இலவசமாக எஸ்டிமேட் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். சட்டையில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். கையிலுள்ள ஒப்பந்தப் படிவமும் அதே கம்பெனி அச்சிட்டுத் தந்ததுதான். ஆனால் வேலை நஷ்டத்தில் முடிந்தால் பணம் போவது பெரும்பாலும் அந்த மாணவரின் பையிலிருந்து. அப்படியானால் அவர் யார்? கம்பெனியின் ஊழியரா, அதன் பெயரை வாங்கிச் சொந்தத் தொழில் நடத்தும் சிறு முதலாளியா, தொழில் கற்க வந்த பயிலுநரா?

ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. விடை எதுவாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன: குறைந்தபட்சக் கூலி உண்டா, ஓவர்டைம் உண்டா, ஏணியிலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு, அரைகுறையாக விட்ட வீட்டுக்கு யார் ஈடு தருவது. நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இதுவரை தந்துள்ள விடைகளை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். அவற்றின் தோற்றத்தையும் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

தொழில் நடக்கும் விதம்

இந்த மாதிரியின் முன்னோடியாகப் பொதுவாகச் சொல்லப்படுவது காலேஜ் ப்ரோ பெயிண்டர்ஸ். கிரெக் கிளார்க் என்ற கனடிய மாணவர் 1971இல் ஒன்டாரியோ மாநிலத்தின் தண்டர் பே நகரில் கோடை விடுமுறையில் தொடங்கிய பெயிண்டிங் வேலை, பின்னர் வட அமெரிக்கா முழுவதும் பரவிய ஃபிரான்சைஸ் அமைப்பாயிற்று. 1989இல் ஃபர்ஸ்ட்சர்வீஸ் நிறுவனம் அதை வாங்கியது. அதே பாணியில் வேறு பல கம்பெனிகளும் தோன்றின. சில தம் மாணவர்களை ஃபிரான்சைஸ் எடுத்தவர்கள் என்றழைத்தன. சில கிளை மேலாளர் என்றன. இன்னும் சில இன்டர்ன் என்றன. பெயர் மாறினாலும் வேலையின் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றே.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கல்லூரி வளாகங்களில் ஆள் தேடுவார்கள். தேர்வானவருக்கு வார இறுதிகளில் பயிற்சி நடக்கும்: சதுர அடி கணக்கிடுவது, விலை சொல்வது, ஆள் எடுப்பது. வசந்த காலத்தில் அவர் கதவு தட்டி வாடிக்கையாளர் பிடித்து, எஸ்டிமேட் போட்டு, டெபாசிட் வாங்கி, வேலைகளைப் பதிவு செய்துகொள்வார். தேர்வு முடிந்து மே மாதம் வந்ததும் சக மாணவர்களையே பெயிண்டர்களாகச் சேர்த்து ஆகஸ்ட் வரை வேலை முடிப்பார். கம்பெனி தன் பெயரையும், காப்பீட்டையும், கடையில் பெயிண்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடியையும், கணக்கு எழுதும் வசதியையும் தரும். ஒவ்வொரு வேலையின் விலையிலும் ஒரு பங்கை ராயல்டியாகவோ சேவைக் கட்டணமாகவோ எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். ஒரு மரவீட்டின் வெளிப்பக்கத்துக்கு மாணவர் 4,000 டாலர் சொல்கிறார். கம்பெனியின் பங்கு கால்வாசி, அதாவது 1,000. பெயிண்ட், பிரைமர், டேப் வகைக்கு 600. பெயிண்டர்களுக்கு 80 மணி நேரம் ஆகும் என்பது அவர் கணிப்பு. மணிக்கு 20 டாலர் வீதம் 1,600. கூலிமேல் கட்டவேண்டிய வரி, காப்பீட்டுக்கு 160. மிச்சம் 640 டாலர். ஆனால் தெற்குச் சுவரில் பழைய பெயிண்ட் உரிந்து நிற்பதைப் பார்த்தும், அதைச் சுரண்டி எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அனுபவமில்லாதவருக்குத் தெரிவதில்லை. 30 மணி நேரம் கூடுதலாகிறது. கூலி 600, அதன்மேல் 60. மிச்சம் 640 இருந்த இடத்தில் 20 டாலர் நஷ்டம். கம்பெனியின் 1,000 மட்டும் அப்படியே இருக்கிறது. கதவு தட்டிய வாரங்களுக்கும் எஸ்டிமேட் போட அலைந்த மாலைகளுக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை.

எல்லா ஒப்பந்தங்களும் இப்படி இருப்பதில்லை. சில கம்பெனிகள் நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லும். சில குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதியளிக்கும். ஆனாலும் தப்புக் கணக்கின் சுமை முதலில் மாணவர்மேல் விழும் என்பதே இந்த மாதிரியின் பொது இயல்பு. சட்டத் தகராறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் முளைக்கின்றன.

முதல் நிலைப்பாடு: அவர் ஒரு சிறு முதலாளி

ஃபிரான்சைஸ் நிறுவனங்களின் நெடுநாள் வாதம் இது. மாணவர் தானாக ஆள் எடுக்கிறார், தானாக விலை சொல்கிறார், லாபம் வந்தால் அவருக்கு, நஷ்டம் வந்தாலும் அவருக்கு. எனவே அவர் தொழில் நடத்துபவர் என்கிறார்கள்.

கம்பெனி இவ்வளவு கட்டுப்பாடு விதிக்கிறதே என்று கேட்டால் அதற்கும் தயாராக ஒரு பதில் உண்டு. 1946ஆம் ஆண்டின் லான்ஹாம் சட்டப்படி, வணிகப் பெயரைப் பிறருக்கு உரிமம் கொடுப்பவர் அந்தப் பெயரில் நடக்கும் வேலையின் தரத்தைக் கண்காணிக்க வேண்டும்; கண்காணிக்காவிட்டால் பெயரின்மீதுள்ள உரிமையே பறிபோகலாம். சட்டம் கட்டாயப்படுத்தும் கட்டுப்பாட்டையே முதலாளி–ஊழியர் உறவுக்குச் சான்றாகக் கொண்டால் ஃபிரான்சைஸ் என்ற வணிகமுறையே நிற்காது என்பது அவர்கள் கருத்து. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014இல் டாமினோஸ் பீட்சா தொடர்பான பேட்டர்சன் வழக்கில் இந்த வாதத்துக்குக் கணிசமான மதிப்புக் கொடுத்தது. ஒரு கிளை ஊழியர் இழைத்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் தொல்லைக்கு, அன்றாட வேலை நிர்வாகத்தில் கைவைக்காத ஃபிரான்சைஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்பது அதன் முடிவு.

மாணவரைத் தொழில்முனைவர் என்று ஏற்றுக்கொண்டால் அவருக்கு வேறொரு பாதுகாப்பு கிடைக்க வேண்டும்: பணம் போடும் முன் முழுத் தகவல். ஃபிரான்சைஸ் சட்டங்கள் பிறந்ததே இதற்காகத்தான். கலிஃபோர்னியாவின் ஃபிரான்சைஸ் முதலீட்டுச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் ஃபிரான்சைஸ் விதி 1979இல் அமலாகி, 2007இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். கம்பெனிமீதுள்ள வழக்குகள், முன்பு ஃபிரான்சைஸ் எடுத்தவர்களின் விவரம், கட்டணங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று வருமானம் பற்றிப் பேசினால் அதற்கு ஆதாரமும் வேண்டும். ஒன்டாரியோ மாநிலம் 2000ஆம் ஆண்டில் ஆர்தர் விஷார்ட் சட்டம் என்ற பெயரில் இதே நோக்கமுள்ள சட்டத்தை இயற்றியது.

இந்தப் பாதுகாப்பு மாணவரை எட்டுகிறதா என்பதில்தான் முதல் நிலைப்பாடு தள்ளாடுகிறது. அமெரிக்க மத்திய விதியில் ஓர் ஓட்டை உண்டு. தொழில் தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் ஃபிரான்சைஸ் எடுத்தவர் கட்டாயமாகச் செலுத்த வேண்டியது ஒரு சிறு வரம்பைத் தாண்டாவிட்டால் விதி பொருந்தாது. தொடக்கத்தில் 500 டாலராக இருந்த அந்த வரம்பு, பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்ந்தது. மாணவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்காமல், வேலையின் விலையிலிருந்து பங்கு எடுக்கும் கம்பெனி, தனக்கு ஆவணம் தரும் கடமையே இல்லை என்று வாதிட இடம் கிடைக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் ஆயுளே ஏறக்குறைய ஆறு மாதம்தான். அதற்குள் பிடிக்கப்படும் பங்கு முழுவதையும் கட்டாயச் செலுத்தல் என்று எண்ணினால் வரம்பு எளிதில் கடந்துவிடும். இரு வாசிப்புக்கும் இடமுண்டு.

ஒன்டாரியோ சட்டத்தின் விலக்கு இன்னும் நேரடியானது. ஒப்பந்தக் காலம் ஓராண்டுக்கு மேற்படாமலும், திருப்பித் தரப்படாத நுழைவுக் கட்டணம் இல்லாமலும் இருந்தால் வெளிப்படுத்தல் ஆவணம் தேவையில்லை. ஒரு கோடைக்காகப் போடப்படும் மாணவர் ஒப்பந்தம் இந்த வரையறைக்குள் கச்சிதமாக அமைந்துவிடலாம். நேர்மையாக நடந்துகொள்ளும் கடமை மட்டும் இரு தரப்புக்கும் தொடரும். அமெரிக்க மத்திய விதியை மீறினால் பாதிக்கப்பட்டவர் அந்த விதியின்கீழ் நேரடியாக வழக்குப் போட முடியாது, ஆணையம்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இன்னொரு குறை.

ஆக, சிறு முதலாளி என்ற பட்டம் மாணவருக்கு நஷ்டத்தை முழுதாகத் தருகிறது. அந்தப் பட்டத்துக்குரிய தகவல் உரிமையை எப்போதும் தருவதில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: அவர் ஊழியரே

இந்த நிலைப்பாட்டின் வேர் 1940களில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947இல் சில்க், ரதர்ஃபோர்ட் ஃபுட் ஆகிய வழக்குகளில், ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை ஒதுக்கிவிட்டுப் பொருளாதார யதார்த்தத்தைப் பார்க்க வேண்டும் என்ற வழியை வகுத்தது. கட்டுப்பாடு யாரிடம், முதலீடு யாருடையது, லாப நஷ்டத்துக்கான வாய்ப்பு யாருக்கு, திறமை எவ்வளவு தேவை, உறவு எவ்வளவு நிலையானது என்று பல அம்சங்களை எடைபோடுவார்கள். 1989இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் போரெல்லோ வழக்கில் வெள்ளரிக்காய் பறித்த குடும்பங்களைப் பற்றி விசாரித்தது. விளைச்சலில் பங்கு பெறும் சுதந்திர ஒப்பந்ததாரர்கள் என்று பத்திரத்தில் எழுதியிருந்தும் அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது.

பல அம்சங்களை எடைபோடும் முறையில் மாணவ மேலாளரின் வழக்கு இரு பக்கமும் சாயும். ஆள் எடுக்கிறார், நஷ்டம் ஏற்கிறார், உறவு ஒரு பருவத்துக்கு மட்டுமே என்பவை ஒரு தட்டில். முதலீடு சொற்பம், விலைச் சூத்திரம் கம்பெனியுடையது, வாடிக்கையாளர் ஒப்பந்தம் கம்பெனி பெயரில் என்பவை மறுதட்டில். எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே இம்முறையின் பழைய குறை.

அந்த நிச்சயமின்மையைக் குறைக்கவே ஏபிசி சோதனை வந்தது. மாசசூசெட்ஸ் அதை முன்பே கடுமையான வடிவில் வைத்திருந்தது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் டைனமெக்ஸ் தீர்ப்பில் அதை ஏற்றது. 2020 ஜனவரி முதல் அது சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. இதன்படி மூன்றையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்: வேலை செய்பவர் அதன் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்யும் வேலை கம்பெனியின் வழக்கமான தொழிலுக்கு அப்பாற்பட்டது, அவருக்கென்று தனியாக நிலைபெற்ற தொழில் இருக்கிறது. இரண்டாவது நிபந்தனையே மாணவர் பெயிண்டிங் கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலி. எங்கள் தொழில் பெயிண்டிங் அல்ல, ஃபிரான்சைஸ் விற்பது என்று சொன்னால்தான் தப்ப முடியும்.

அந்த வாதத்தைக் கட்டடத் துப்புரவு ஃபிரான்சைஸ் நிறுவனங்கள் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டன. பெயிண்டிங்கைவிட அத்துறையில்தான் வழக்குகள் அதிகம், அமைப்பும் வெகுவாக ஒத்தது. மாசசூசெட்ஸ் மத்திய மாவட்ட நீதிமன்றம் 2010இல் அவுவா எதிர் கவரால் வழக்கில், துப்புரவு வேலையே அந்தக் கம்பெனியின் தொழில் என்று கண்டு, ஃபிரான்சைஸ் எடுத்தவர்களை ஊழியர் என்றது. ஜான்-ப்ரோ நிறுவனம் தொடர்பான வாஸ்குவெஸ் வழக்கில் 2021இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டைனமெக்ஸ் தீர்ப்பு முன்தேதியிட்டும் செல்லும் என்று அறிவித்தது. கனடாவில் 2019இல் மாடர்ன் துப்புரவு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கியூபெக் சட்டத்தின்கீழ் இதே திசையில் சென்றது. வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் கம்பெனியிடமே இருக்கும்போது, ஃபிரான்சைஸ் எடுத்தவர் ஏற்றதாகச் சொல்லும் வணிக இடர் உண்மையில் அவருடையதல்ல என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் அலை ஒரே பக்கம் அடிக்கவில்லை. 7-இலெவன் கடைகள் பற்றிய பட்டேல் வழக்கில் மாசசூசெட்ஸ் உயர்நிலை நீதிமன்றம் 2022இல், ஃபிரான்சைஸ் உறவுக்கும் ஏபிசி சோதனை பொருந்தும் என்றது. அதே நீதிமன்றம் அதே வழக்கில் 2024இல், ஒப்பந்தக் கடமையை நிறைவேற்றுவதாலேயே கடைக்காரர் கம்பெனிக்கு வேலை செய்கிறார் என்று ஆகிவிடாது என்று சொல்லி, சோதனைக்குள் நுழையும் வாசலையே குறுக்கிவிட்டது. ராயல்டி கம்பெனிக்குப் போகிறது என்பது மட்டும் இனிப் போதாது.

ஊழியர் என்று முடிவானபின்பும் தகராறு ஓய்வதில்லை. மத்திய ஊதியச் சட்டத்தில் வெளிவிற்பனையாளருக்கு விலக்கு உண்டு. அவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கட்டாயமில்லை. கதவு தட்டும் மாணவரை இந்த வகையில் சேர்ப்பது கம்பெனிகளுக்கு வசதி. வசந்த காலத்துக்கு இது பொருந்தலாம். ஆனால் கோடையில் அவர் பெயிண்ட் வாங்கி வருகிறார், ஆள்களை மேய்க்கிறார், விட்டுப்போன இடத்துக்கு மறுபூச்சு அடிக்கிறார். கலிஃபோர்னியாவில் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் விற்பனையில் கழிந்தால்தான் விலக்கு கிடைக்கும். அவர் உண்மையில் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று யோசெமிட்டி வாட்டர் வழக்கில் 1999இலேயே முடிவாயிற்று. நிர்வாகி என்ற விலக்குக்கு நிலையான சம்பளம் வேண்டும். கமிஷனை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில். எல்லா மாணவ மேலாளரையும் ஊழியராக்கினால், திறமையாக நடத்திக் கணிசமாகச் சம்பாதிப்பவரையும் அதே கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கும். மணிக்கணக்குப் பார்த்துக் கூலி தர வேண்டுமென்றால் அனுபவமில்லாதவரை நம்பி ஒரு பகுதியையே ஒப்படைக்கக் கம்பெனிகள் தயங்கலாம் என்ற அச்சத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: அவர் பயிலுநர்

இன்டர்ன்ஷிப் என்ற பெயர் பரவலானதோடு இந்த விடையும் வலுப்பெற்றது. இதன் வேர் 1947ஆம் ஆண்டின் போர்ட்லாண்ட் டெர்மினல் வழக்கு. ரயில்வேயில் பிரேக் இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் தம் நலனுக்காகக் கற்றவர்கள், எனவே ஊழியரல்லர் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 'பிளாக் ஸ்வான்' திரைப்படத் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த இன்டர்ன்கள் தொடுத்த கிளாட் வழக்கில், 2015இல் இரண்டாம் வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் முதன்மைப் பயனாளி யார் என்ற சோதனையை வகுத்தது. தொழிலாளர் துறை 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. பயிற்சி கல்விநிலையத்தோடு இணைந்ததா, கல்லூரி அட்டவணைக்கு ஒத்துப்போகிறதா, சம்பளம் வாங்கும் ஊழியரின் இடத்தை நிரப்புகிறதா என்பவை அந்தச் சோதனையின் அம்சங்கள்.

மாணவ மேலாளர் நிறையக் கற்கிறார் என்பதில் ஐயமில்லை. முன்பின் தெரியாதவரிடம் விலை பேசுவதும், தன் வயதுள்ளவரை வேலை வாங்குவதும் வகுப்பறையில் கிடைக்கும் அனுபவங்கள் அல்ல. ஆனால் கற்பது என்பது எல்லா வேலைக்கும் பொருந்தும். இங்கே கம்பெனியின் வருமானம் முழுவதும் இந்த மாணவர்கள் பிடித்து முடிக்கும் வேலைகளிலிருந்தே வருகிறது. அவர்கள் விலகினால் செய்ய வேறு ஊழியரில்லை. இந்த நிலையில் முதன்மைப் பயனாளி மாணவரே என்று நிறுவுவது கடினம். பயிற்சி வார இறுதிகளுக்கு மட்டும் இந்த வாதம் ஓரளவு செல்லலாம்.

கனடிய நீதிமன்றங்கள் ஊழியருக்கும் ஒப்பந்ததாரருக்கும் நடுவே, சார்ந்திருக்கும் ஒப்பந்ததாரர் என்ற ஒரு வகையை ஏற்கின்றன. ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு மெக்கீ தீர்ப்பு இதை உறுதிசெய்தது. ஆனால் அந்த வகை தரும் முக்கியப் பலன், நீக்கும் முன் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்பது. ஒரு கோடையோடு தானாக முடிந்துவிடும் வேலைக்கு அதனால் பயன் சொற்பம்.

உரிமம் என்னும் முடிச்சு

மூன்று நிலைப்பாடுகளும் மாணவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தையே பார்க்கின்றன. கட்டுமான உரிமச் சட்டமோ வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. அங்கிருந்து பார்த்தால் படம் மாறுகிறது.

கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் 500 டாலராகவும் 2025 முதல் 1,000 டாலராகவும் உள்ள வரம்பைத் தாண்டிய வேலையை எடுக்க ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டும். பெயிண்டிங்குக்கு அது சி-33 வகை. அதைப் பெற அத்தொழிலில் நான்கு ஆண்டுத் தேர்ச்சி காட்ட வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அது அனேகமாக இயலாத காரியம். எனவே அவர் கம்பெனியின் உரிமத்தின்கீழ்தான் வேலை எடுக்க முடியும்.

விளைவுகள் கடுமையானவை. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்பவரைச் சுதந்திர ஒப்பந்ததாரராகக் கருத முடியாது என்கிறது மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 2750.5 பிரிவு. ஏபிசி சோதனைக்குக் கட்டுமான உப ஒப்பந்தங்களில் தரப்பட்ட விலக்கும், உப ஒப்பந்ததாரரிடம் உரிமம் இருந்தால்தான் கிடைக்கும். இன்னொரு பக்கம், மாணவர் உண்மையிலேயே தனித் தொழில் நடத்துபவர் என்று கம்பெனி சாதித்துவிட்டால், அவர் உரிமமில்லாத ஒப்பந்ததாரர் ஆகிவிடுவார். அப்போது கூலி கேட்டு வழக்குப் போடும் உரிமையை இழப்பதோடு, வாங்கிய பணம் முழுவதையும் வாடிக்கையாளர் திரும்பக் கேட்கவும் வழியுண்டு.

அதாவது ஊதிய வழக்கில் வெல்வதற்காகச் சொல்லும் அதே வாதம் உரிம வழக்கில் தோல்விக்குக் காரணமாகலாம். நஷ்டத்துக்கு மட்டும் மாணவரை முதலாளி என்றும், உரிமத்துக்கு மட்டும் அவரைத் தம்முடைய ஆள் என்றும் சொல்லக் கலிஃபோர்னியா இடம் தருவதில்லை. ஆயினும் பெயிண்டருக்கு மாநில உரிமமே கேட்காத இடங்களும் அமெரிக்காவில் உண்டு. அங்கே இந்த முடிச்சு விழுவதில்லை, கேள்வி பழைய இடத்துக்கே திரும்புகிறது.

ஏணிமேல் நிற்பவர்கள்

விவாதம் பெரும்பாலும் மேலாளரைச் சுற்றியே நடக்கிறது. அவருக்குக் கீழே தூரிகை பிடிக்கும் மாணவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. மேலாளருக்கே கையில் காசில்லாதபோது இவர்களுடைய கடைசி வாரக் கூலி தாமதமாகலாம், வராமலும் போகலாம். யாரிடம் கேட்பது? மேலாளரும் கம்பெனியும் கூட்டு முதலாளிகளா என்ற கேள்வியில் அமெரிக்கச் சட்டம் ஆட்சிக்கு ஆட்சி ஊசலாடுகிறது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2015இல் விரிவான வரையறை தந்தது. பிறகு அது சுருங்கியது. 2023இல் மீண்டும் விரித்த விதியை 2024 மார்ச்சில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்துசெய்தது.

ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. அங்குள்ள 7-இலெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்கள் குறைகூலிக்கு வேலை வாங்கப்பட்டது அம்பலமான பிறகு, 2017இல் வேலை நியாயச் சட்டம் திருத்தப்பட்டது. கிளையில் கூலி மோசடி நடப்பது ஃபிரான்சைஸ் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டியிருந்தாலோ, தடுக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் அதுவும் பொறுப்பு. கிளைக்காரர் முதலாளியா ஊழியரா என்று கேட்காமலேயே இது கீழிருப்பவரைக் காப்பாற்றுகிறது.

பாதுகாப்பு விதிகளும் இதே வகையில் யோசிக்கத் தூண்டுகின்றன. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் பெயிண்டிங்கைக் கட்டுமானத்தோடு சேர்க்கின்றன. நீட்டு ஏணியை நான்குக்கு ஒன்று என்ற சாய்வில் நிறுத்த வேண்டும். மேல்தளத்தில் இறங்குவதற்கென்றால் விளிம்பைத் தாண்டி 3 அடி நீண்டிருக்க வேண்டும். ஈயம் பற்றிய விதி இன்னும் கறாரானது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 1978இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீட்டில் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைப்பதானால், 2010 ஏப்ரல் முதல், சான்று பெற்ற நிறுவனமும் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குப் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும்; தீயால் பெயிண்டை எரித்து எடுக்கக் கூடாது. இங்கே நிறுவனம் என்பது யார், கம்பெனியா மாணவரா?

பெயிண்டிங் ஃபிரான்சைஸுக்கு இதை நேரடியாகத் தீர்த்துவைத்த முன்மாதிரி என்று எதையும் அறுதியிட்டுக் காட்டுவது கடினம். ஆனால் ஹோம் டிப்போ நிறுவனம், தான் அனுப்பிய ஒப்பந்ததாரர்கள் இந்த ஈய விதியைப் பின்பற்றாததற்காக 2020இல் 2 கோடியே 7.5 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் போட்டவர், வேலையை வேறொருவரிடம் விட்டேன் என்று சொல்லி விலக முடியாது என்ற போக்கை அது காட்டுகிறது.

தீர்ப்புகள் ஏன் குறைவு?

ஐம்பது ஆண்டுத் தொழிலுக்கு, நேரடியான மேல்நிலைத் தீர்ப்புகள் மிகக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. சில காரணங்களை ஊகிக்கலாம். ஒரு மாணவரின் இழப்பு அவருக்குப் பெரிது, வழக்கறிஞருக்குச் சிறிது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடுகிறது. ஆண்டுதோறும் ஆள்கள் மாறுவதால் கூட்டாகச் சேர்வது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2011இன் கன்செப்சியன் தீர்ப்பும் 2018இன் எபிக் சிஸ்டம்ஸ் தீர்ப்பும் குழு வழக்கைத் தடுத்துத் தனித்தனி நடுவர் விசாரணைக்கு அனுப்பும் ஒப்பந்த விதிகளுக்கு வலுவூட்டின. நடுவரிடம் முடிபவையும் சமரசத்தில் முடிபவையும் முன்மாதிரியாவதில்லை. துப்புரவுத் துறை தீர்ப்புகளைக் கடன் வாங்கிப் பேச வேண்டியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். அந்தக் கடனுக்கும் எல்லை உண்டு. துப்புரவு ஃபிரான்சைஸ் எடுத்தவர்களில் பலர் முன்பணம் கட்டியவர்கள், பெரும்பாலும் தாமே வேலை செய்தவர்கள். மாணவ மேலாளர் முன்பணம் கட்டுவது அரிது. பிறரை வைத்து வேலை வாங்குகிறார்.

மதிப்பீடு

மூன்று விடைகளில் பயிலுநர் என்பது மிகப் பலவீனமானது. பயிற்சி நாட்களைத் தாண்டி அது நிற்பதாகத் தெரியவில்லை. ஏபிசி சோதனையும் உரிமச் சட்டமும் சேர்ந்துள்ள மாநிலங்களில் ஊழியர் என்ற விடை மேலோங்குகிறது. மற்ற இடங்களில் அது வழக்கின் விவரங்களைப் பொறுத்தது. சிறு முதலாளி என்ற விடை கோட்பாட்டில் செல்லக்கூடியதே. ஆனால் நஷ்டத்தை ஒப்படைக்கும் கம்பெனி தகவலையும் ஒப்படைத்தால்தான் அது நேர்மையான விடையாகும்: சென்ற ஆண்டு எத்தனை மாணவர்கள் தொடங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், விற்பனை மதிப்பு போகட்டும், செலவு கழித்துக் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பன.

மூன்று விஷயங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. வேலையின் விலையிலிருந்து பிடிக்கப்படும் பங்கு, வெளிப்படுத்தல் விதியின் வரம்பைத் தாண்டும் கட்டாயச் செலுத்தலா? கோடையில் எந்தப் பட்டமும் பொருந்தட்டும், கதவு தட்டிய வசந்த மாதங்களின் உழைப்புக்கு விலை என்ன? கீழே வேலை செய்யும் பெயிண்டரின் கூலிக்கு ஆஸ்திரேலியப் பாணிப் பொறுப்பை வட அமெரிக்கா ஏற்குமா? முதலிரண்டையும் நீதிமன்றங்களோ ஆணையமோ தீர்க்கலாம். மூன்றாவதற்குச் சட்டமன்றம் வேண்டும்.

அதுவரை, கையெழுத்திடப் போகும் மாணவர் கம்பெனியிடம் கேட்க வேண்டியவை மூன்று. வாடிக்கையாளர் ஒப்பந்தம் யார் பெயரில்? உரிமமும் ஈயச் சான்றும் யாரிடம்? வேலை நஷ்டமானால் கம்பெனியின் பங்கு குறையுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத கம்பெனியிடம் கோடைக்காலத்தைக் கொடுக்காமலிருப்பதே நல்லது.